பின்னால் சுற்றாத கேசட்

9

புதன்கிழமை காலை பத்து மணிக்கு 'உபதேசியார் வீடு' என்று ஊர் சொல்லும் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். கட்டிலில் என் தம்பி பாக்கியசீலன். அவன் தலைமாட்டில் அவன் மனைவி சாரம்மாள். சன்னலோர நாற்காலியில் சென்னையிலிருந்து வந்திருந்த ரீபா. உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவுப் பக்கம் நின்றவள் என் உதவியாளர் ஷம்ஸியா. ஐந்தாவது நான், அருமைநாயகம், காவல்துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் உறவினர்கள் அன்றைக்குப் பாளையங்கோட்டையிலேயே இல்லை.

என் தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்றுவிட்டன. டயாலிசிஸ் இனி வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். டாக்டர் வாரக் கணக்கில் பேசவில்லை, நாள் கணக்கில் பேசினார்.

ரீபா ஒரு திகில் திரைவிழாவில் வேலை பார்க்கிறவள். பேய்ப் படங்களையும், ஊர் மறந்து சிலர் மட்டும் விடாமல் கொண்டாடும் விசித்திரப் படங்களையும் தேடி எடுத்துத் திரையிடுகிற விழா.

"மறந்துபோன ஆறு படங்களை இந்த வருஷம் போடுறோம் சார். அதே ஆறும் ப்ளூரே பெட்டியா விற்பனைக்கு வருது. அஞ்சு கிடைச்சாச்சு. உங்க தம்பி எடுத்த 'ஈரக் காலடி' மட்டும்தான் பாக்கி" என்றாள்.

1987இல் வந்த படம். சென்னையில் நாலே நாள் ஓடியது, இந்த ஊருக்கு வரவில்லை. ஃபிலிம் சுருள் சென்னைக் கிடங்கு ஒன்றில் வெள்ளத்தில் போய்விட்டது. தயாரித்தவரும் ஒளிப்பதிவாளரும் இறந்துவிட்டார்கள். முப்பத்தெட்டு வருடமாக இந்த ஊர் என் தம்பியை 'வராத படத்து டைரக்டர்' என்று கூப்பிடுகிறது. அவன் முதுகுக்குப் பின்னால் மட்டுமல்ல, கோயில் வாசலிலும் கூப்பிடுகிறது.

"விழா மலர் இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு அச்சுக்குப் போகுது. போன மாசம் சார் பேசினதை வீடியோவில பதிவு பண்ணினோம். டைட்டில்ல தன் பேர் இனிஷியலோட வந்ததுன்னு சொல்லியிருக்கார். முழுப் படம் கிடைக்கலைன்னாலும் பரவாயில்ல, அந்த டைட்டில் மட்டும் போதும். அவர் பேரைப் போட்டுடுவேன். கிடைக்கலைன்னா 'இயக்கியவர் தெரியவில்லை'ன்னுதான் போகும். நாங்கதான் எடுத்தோம்னு வேற ரெண்டு பேர் கடிதம் போட்டிருக்காங்க சார்."

பாக்கியசீலன் கண்ணைத் திறந்தான். "வந்துச்சும்மா. கருப்புல வெள்ளை எழுத்து. ஜே. பாக்கியசீலன்." என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. உத்தரத்தைப் பார்த்துச் சொன்னான்.

"அத்தான், எப்படியாவது..." என்று ஆரம்பித்த சாரம்மாள் அவன் தலையணையைச் சரிசெய்தாள்.

ரீபாவிடம் இருந்தது ஒரே ஒரு தடயம். வளைகுடாவில் அந்தப் படம் வீடியோ கேசட்டாக விற்கப்பட்டிருக்கிறது. அந்த கேசட் அட்டையின் படத்தை நாலு மாதத்துக்கு முன் யாரோ இணையத்தில் போட்டிருந்தார்கள். போட்டவரின் கணக்கு இப்போது இல்லை. அட்டையில் படத்தின் பெயரும் ஒரு பெண்ணின் ஈரப் பாதமும்தான். எடுத்தவர் பெயர் இல்லை.

"அட்டையை விடும்மா. அதை எதன்மேல் வைத்துப் படம் பிடித்திருக்கிறார்கள்?" என்றேன்.

ரீபா விரலால் பெரிதாக்கினாள். ஷம்ஸியா எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"பத்தமடைப் பட்டுப்பாய் சார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பொண்ணு பேரைப் போட்டு நெய்யுதது. பத்திரிகையாவது கிழியும், இது கிழியாது."

அட்டை மறைத்தது போக மூன்று துண்டுகள் தெரிந்தன. மேலே 'க் முகம்மது', கீழே 'அலிமா பீ', ஓரத்தில் 1988.

"சேக் முகம்மது" என்றேன்.

"மேலப்பாளையத்துல நின்னு அந்தப் பேரைக் கூப்பிட்டா முப்பது பேர் திரும்புவாங்க. நாலு பேர் ஷார்ஜாவுல இருந்து மிஸ்டு கால் குடுப்பாங்க. ஆனா எம்பத்தெட்டுல அலிமாவைக் கட்டினவர் ஒருத்தராத்தான் இருக்கணும்" என்றவள் படத்தைத் தன் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டாள். எனக்கு இந்த முறை பிடிக்காது. விசாரணை என்பது நேரில் போய், பெயர் சொல்லி, கேட்டு வாங்குவது. ஆனால் சாரம்மாள் தேநீர் கொண்டுவருவதற்குள் மூன்று பதில் வந்துவிட்டது.

"ஒங்க டிபார்ட்மெண்டுக்கு மூணு நாள். எங்க மாமிமாருக்கு மூணு நிமிஷம்" என்றாள் ஷம்ஸியா.

ஓய்வுக்குப் பிறகு நான் செய்வது பெரும்பாலும் கல்யாண விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா, பெண்ணுக்கு வேறு இடத்தில் பேச்சு உண்டா என்று பார்த்துச் சொல்வது. ஷம்ஸியா பழைய கல்யாண கேசட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை வைத்திருக்கிறாள். இரண்டு தொழிலும் ஒரே மாடிப்படியின் கீழும் மேலும் நடக்கின்றன. நான் சேர்த்துவைப்பதை தான் பத்திரப்படுத்துவதாகச் சொல்வாள்.

மேலப்பாளையத்துக்கு ஆட்டோவில் போனோம். அலிமா பீவி சேக் முகம்மதின் விதவை. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"படம் உண்டா இல்லையான்னா கேக்கிய? என்னையக் கேளுங்க. அவுக ஷார்ஜாவுல இருந்து வீடியோ டெக்கும் கொண்டாந்தாக, இந்தக் கேசட்டும் கொண்டாந்தாக. வீட்டுல யாரும் இல்லாத நேரமாப் பார்த்துப் போட்டேன். என் புத்தியச் சொல்லணும்."

"பயமா இருந்துச்சா மாமி?" என்றாள் ஷம்ஸியா.

"ஆத்துல இருந்து ஒரு பொம்பள ஏறி வருவா. அவ மொகத்தக் காட்ட மாட்டாங்க. வீட்டுக்கு வீடு வாசப்படியில ஈரக்கால் தடம் மட்டும் இருக்கும். உள்ள போன தடம் உண்டு. வெளிய வந்த தடம் கெடையாது. ரெண்டு நாள் எங்க முத்தத்துல யாரையும் தண்ணி தெளிக்க விடலயே நான்."

நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. வந்தபோது தூத்துக்குடியில் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் அதைப் பற்றிப் பேசுகிற வழக்கமும் இல்லை. முப்பத்தெட்டு வருடத்தில், என் தம்பி எடுத்தது இருந்தது என்று மூன்றாவது மனிதர் ஒருவர் சொல்ல அன்றுதான் கேட்டேன். நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.

"பிறவு எத்தன தடவ பார்த்திய?" என்றாள் ஷம்ஸியா.

"பிறவா! பின்னால சுத்தி வைக்கக்கூட இல்ல. எங்க டெக்குல சுத்தும்போதும் படம் தெரியும். வந்த பேயி பின்காலால நடந்து திரும்பிப் போவும். முன்னால வர்றதையே தாங்க முடியல, போறத வேற நான் பாக்கணுமாக்கும்? முடிஞ்ச எடத்துலயே எடுத்துப் பரண்ல எறிஞ்சேன்."

"இப்போது எங்கே?" என்றேன்.

"அட்டையத்தான் என் மருமவன் போட்டோ எடுத்து வெளையாட்டா எங்கேயோ போட்டாரு. கேசட்டு இங்க இல்ல. தை மாசம் வெள்ளையடிக்கையில ஒரு சாக்கு கேசட்டயும் பிச்சைக்கண்ணுகிட்ட குடுத்துட்டேன். சுத்தமல்லியில இருந்து எங்களுக்கு அரிசி கொண்டு வருவாரு. வயலுக்கு வேணும்னு கேட்டாரு."

"வயலுக்கா? நெல்லு படம் பாக்குமா மாமி?" என்று சிரித்தாள் ஷம்ஸியா.

நான் எழுந்துவிட்டேன். ஷம்ஸியா வயல் பக்கம் போகாமல் டவுனுக்குள் வளர்ந்தவள், அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. ஆட்டோவில் வழி நெடுக அவள் கேட்டும் நான் சொல்லவில்லை.

சுத்தமல்லியில் வாய்க்கால் பாலத்தில் ஆட்டோவை நிறுத்தியபோதே சத்தம் கேட்டது. கூட்டத்தில் பெண்கள் வாய்மூடி ராகம் இழுப்பது போல ஒரு முனகல். காற்று நின்றால் அதுவும் நின்றது. மாசி வெயிலில் கதிர் சாய்ந்த வயலின் மேலே, கம்புக்குக் கம்பு, கறுத்த நாடாக்கள் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டப்பட்டு மின்னிக்கொண்டிருந்தன.

ஷம்ஸியா சிரிப்பதை நிறுத்தினாள்.

பிச்சைக்கண்ணு வரப்பில் பெருமையோடு நின்றார். "பாத்தியளா அண்ணாச்சி? ஒரு மயில் எறங்கல. கிளி அண்டல. காத்தடிச்சா தானாப் பாடுதுலா. அஞ்சு கேசட்டு, ரெண்டு ஏக்கர். அலிமாம்மா புண்ணியம்."

"பெரிய திரைதான் சார். பாக்க வந்த மயிலும் எந்திரிச்சுப் போயிட்டு" என்றாள் ஷம்ஸியா. சொல்லிவிட்டுத் தன் பேச்சு தனக்கே பிடிக்காதவள் போல ஒரு நாடாவைப் பிடித்து இரண்டு விரலால் உருவினாள். பழுப்புத் தூள் கையோடு வந்தது. நாடா கண்ணாடி போல வெளுத்தது. "ஒரு மாச வெயில். பனி வேற. இதுல ஒண்ணும் இல்ல சார். படம் உதிர்ந்து நெல்லுல விழுந்துட்டு."

"எந்த நாடா எந்தப் படம்?"

"அது தெரிஞ்சும் பிரயோசனமில்ல."

பிச்சைக்கண்ணு எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "தப்பு பண்ணிட்டனா அண்ணாச்சி?"

"இல்லை. நீர் கேட்டு வாங்கினீர். உமக்கு என்ன தெரியும்?" என்றேன். மணி ஒன்றே கால். என் தம்பி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷம்ஸியா திடீரென்று வரப்பில் திரும்பினாள். "அண்ணாச்சி, எப்படிக் கட்டினீங்க? நாடாவ வெட்டியா?"

"எதுக்கு வெட்டணும்? டப்பா மூடிய ஒடச்சு, நாடாவப் பிடிச்சு இழுத்து, முனையக் கம்புல முடிஞ்சிட்டு நடக்க வேண்டியதுதான். கையில டப்பா உருண்டுகிட்டே வரும். வயலு முடிஞ்ச எடத்துல அத்துக்கிடுவேன்."

"டப்பால்லாம் எங்க?"

"பம்புசெட்டு ரூம்ல கெடக்கு."

ஐந்து டப்பாக்கள் மோட்டாருக்குப் பின்னால் நிழலில் கிடந்தன. நாலு காலி. ஐந்தாவதில், வலது சக்கரத்தில் விரல் கனத்துக்கு நாடா மிச்சம் இருந்தது. முதுகில் மங்கிய காகிதம்: ஈரக் காலடி.

ஷம்ஸியா அதை இரு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

"சார், அலிமா மாமி பின்னால சுத்தியிருந்தா படத்தோட ஆரம்பம்தான் வெளிச்சுத்துல இருந்திருக்கும். அண்ணாச்சி அதைத்தான் முதல்ல உருவியிருப்பாரு, கடைசிதான் மிஞ்சியிருக்கும். மாமி சுத்தல. முடிஞ்ச எடத்துலயே எடுத்துட்டாங்க. அப்ப வெளிச்சுத்துல முடிவு, உள்ளுக்குள்ள ஆரம்பம். முடிவு வயலுக்குப் போச்சு. ஆரம்பம் எங்கிட்ட இருக்கு!"

"டைட்டில் ஆரம்பத்தில்தான் வரும்."

"எங்க வாப்பா வீடியோ கடையில, பின்னால சுத்தாமக் கொண்டு வாறவங்களுக்கு அபராதம் போடுவாக. அலிமா மாமிக்கு மாலை போடணும் சார்."

மூன்று மணிக்கு அவள் கடையில் இருந்தோம். ரீபாவும் வந்துவிட்டாள். ஷம்ஸியா வேறொரு நல்ல டப்பாவைத் திருகாணி கழற்றித் திறந்தாள். மிஞ்சிய நாடாவை அதில் மாற்றி, பூஞ்சையைத் துடைத்து, வெற்று நாடா ஒட்டி, கையாலேயே பைய பையச் சுற்றினாள். ஒன்றரை மணி நேரம் அவள் வாயிலிருந்து ஒரு கேலி வரவில்லை. நாலு ஐம்பதுக்கு கேசட்டை டெக்குக்குள் தள்ளினாள்.

சாம்பல் கோடுகள். இரைச்சல். பிறகு ஆறு.

எங்கள் தாமிரபரணிதான். கல் மண்டபம், மருத மரம், விடியலுக்கு முந்தின வெளிச்சம். ஆள் யாரும் இல்லை. படியில் ஒரு ஈரத் தடம் தோன்றியது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த படியில் இன்னொன்று. இசை கிடையாது, தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும். ஒரு வீட்டு வாசல். கோலத்தின் நடுவே ஒரு பாதம். கதவு பைய உள்ளே திறந்தது.

ரீபா மூச்சை இழுத்தாள். "சார், இதை யார் எடுத்திருந்தாலும் தெரிஞ்சு எடுத்திருக்காங்க" என்றாள் மெல்ல.

என் தம்பி இப்படி ஒன்று செய்யக்கூடியவன் என்பது எனக்கு எழுபத்து நாலாம் வயதில் ஒரு கேசட் கடையில் தெரியவந்தது.

ஒன்பதாவது நிமிடம் திரை கருத்தது. கருப்பில் வெள்ளை எழுத்து. அவன் சொன்னபடியே. ஈரக் காலடி. நடிகர்கள். ஒளிப்பதிவு. பிறகு கடைசி டைட்டில் அட்டை.

'கதை, வசனம், இயக்கம்: பொருநைதாசன்.'

ஷம்ஸியா நிறுத்தினாள். பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினாள். எழுத்து மாறவில்லை.

"யார் சார் பொருநைதாசன்?" என்றாள் ரீபா. "தன் பேர் இனிஷியலோட வந்ததுன்னு அவர் சொன்னது எங்ககிட்ட பதிவுல இருக்கே. புனைபெயர்னு அன்னிக்கே சொல்லியிருந்தா வேற. இப்ப இந்த டைட்டிலே அவரைப் பொய்யராக்குதே."

"பாக்கியசீலன் சார் எதுக்கு இல்லாததச் சொல்லணும்?" ஷம்ஸியா என்னிடம்தான் கேட்டாள்.

முப்பத்து நாலு வருட வேலையில் மற்றவர்களை உட்காரவைத்து எத்தனையோ கேட்டிருக்கிறேன். அன்று கேள்வி என் பக்கம் வந்தது. சொன்னேன்.

1987, படம் வெளிவருவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சாப்பாட்டு மேசை. அப்பா இறந்து நாற்பது நாள் ஆகவில்லை. தாத்தா உபதேசியார், அப்பா தலைமையாசிரியர். அந்த வீட்டுப் பையன் பேய்ப் படம் எடுத்திருக்கிறான் என்று கோயிலில் நாலு பேர் என்னிடம் விசாரித்திருந்தார்கள். நான் அவனிடம் சொன்னேன்: "எடுத்தது எடுத்ததாக இருக்கட்டும். அப்பாவின் முதலெழுத்தும் உன் பெயரும் அதில் வரக்கூடாது." அவன் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான். கை கழுவினான். போய்விட்டான். பிறகு, படத்தில் தன் பெயர் வந்தது, வந்தது என்று ஊரெல்லாம் சொன்னான். என் பேச்சை அவன் மதிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டேன். இத்தனை வருடம் அதை மனதில் வைத்து அவனிடம் அளந்துதான் பேசினேன்.

அவன் மதித்திருக்கிறான். தன் பெயரை எடுத்துவிட்டு, பொருநை என்று எங்கள் ஆற்றின் பழைய பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறான்.

ரீபா கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து பத்து. "இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா சார்? விழாக் குழுவுக்கு அனுப்பறேன். ஆனா மலர்லயும் வரலாம், எல்லாரும் படிப்பாங்க."

"காகிதம் கொடும்மா" என்றேன்.

அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரு பக்கம் எழுதினேன். என் பெயர், வகித்த பதவி, அவனிடம் சொன்ன வார்த்தை, சொன்ன இடம். கையெழுத்திட்டேன். ஷம்ஸியா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஐந்து முப்பத்தைந்துக்குப் போனது. ஐந்து ஐம்பதுக்குப் பதில் வந்தது. ரீபா அதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள், குரல் தணிந்து.

இறந்துகொண்டிருப்பவரின் அண்ணன், அச்சுக்கு அரை மணி முன்னால் எழுதிய கடிதம் ஆதாரமாகாது. பாக்கியசீலனின் சொந்த வாக்குமூலமே இதற்கு எதிராக இருக்கிறது. உரிமை கோரி வேறு இருவர் இருக்கிறார்கள். கிடைத்த பன்னிரண்டு நிமிடம் விழாவில் திரையிடப்படும். ப்ளூரே பெட்டியிலும் சேரும். பெயர், 'பொருநைதாசன், யாரென்று தெரியவில்லை' என்றே போகும்.

"இவங்களுக்கு மனுஷன் சொன்னா போதாதா?" என்று ஷம்ஸியா கத்தினாள்.

"போதாது. நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் இந்தக் கடிதத்தைத் தள்ளித்தான் வைத்திருப்பேன்" என்றேன். அது உண்மை.

ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். ஷம்ஸியா மடிக்கணினியைக் கட்டிலில் வைத்து ஓட்டினாள். சாரம்மாள் அவன் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். ஈரத் தடம் படியேறியபோது அவன் உதடு அசைந்தது. அடுத்த தடம் எப்போது விழும் என்று எண்ணுகிறான் என்று தெரிந்தது. ஒவ்வொன்றும் அவன் எண்ணி முடித்த இடத்தில் விழுந்தது.

கடைசி அட்டை வந்தது. அன்று முதல் தடவையாக அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"நீ சொன்னபடிதாம்ண்ணே செஞ்சேன்."

"பின்னே ஏன் பெயர் வந்தது என்று சொன்னாய்?"

"வந்திருக்கணும்லா" என்றான்.

குழு என்ன முடிவு செய்தது என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை இறந்தான். அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வைத்தோம். பங்குனியில் சென்னையில் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் போட்டார்கள். அரங்கில் ஒருவரும் அசையவில்லை என்று ரீபா எழுதியிருந்தாள். பின்னர் ப்ளூரே பெட்டி தபாலில் வந்தது. சாரம்மாள் பிரிக்கவில்லை.

குடும்ப மானத்துக்காக அருமைநாயகம் தம்பியின் படத்தைத் தேடிப் பிடித்துக் கொளுத்திவிட்டார் என்று இப்போது ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. நான் எதையும் கொளுத்தவில்லை. பெயரை எடுக்கச் சொன்னேன். அவ்வளவுதான்.